கிளாடெட் படுத்துப் பார்த்த பைகள்

எங்கள் கடையின் பின்னறையில், குளிரில் உள்ளே நுழைந்து தூங்கும் படுக்கைப் பைகளைச் சுருட்டி வைப்பதில்லை. சுருட்டி வைத்தால் உள்ளே இருக்கும் வாத்து இறகு நசுங்கிப் பையில் சூடு நிற்காது. கால் பக்கம் இருக்கும் வளையத்தில் கொக்கி மாட்டி, கூரைக் கம்பியில் தலைகீழாகத் தொங்கவிடுவோம். ஆள் உயரத்துக்கு, ஆள் பருமனுக்குத் தொங்கும். கதவைத் திறந்தால் எல்லாம் கொஞ்சம் திரும்பும். அவற்றுக்கு நடுவே தையல் இயந்திரத்தைப் போட்டுக்கொண்டு நான் பிய்ந்த ஜிப்புகளைத் தைப்பேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் முதுகைச் சுவரோடு ஒட்டி வைத்துத்தான் உட்காருவேன்.

முன்னால் வாடகை மேசையில் இருப்பவள் கிளாடெட் ரூத்தியே. நாங்கள் இருவரும் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஷூ கம்பெனிக்குப் போனவர்கள். அது மூடியது. பிறகு காகித ஆலையும் மூடியது. அதற்குப் பின் நியூ ஹாம்ப்ஷயரின் இந்த வடக்கு மூலையில் மலை ஏற வருகிறவர்களை வைத்துத்தான் பிழைப்பு. ஆல்டன் என்பவர் கூடாரமும் அடுப்பும் முதுகுப் பையும் விற்கிற, வாடகைக்கு விடுகிற கடையைத் திறந்தார். கிளாடெட் முதலில் சேர்ந்தாள். பிறகு என்னையும் இழுத்துப் போட்டாள். எனக்கு ஆட்களோடு பேச வராது என்று அவளுக்குத் தெரியும். அதனால் பின்னறை. முன்னறைக்கும் பின்னறைக்கும் நடுவே அரைக் கதவு. பேசாமலேயே எல்லாவற்றையும் பார்க்க அது போதும்.

கடைக்குள் யார் வந்தாலும் அவள் முதல் கேள்வி ஒன்றுதான். "கார்லயா, முதுகுலயா?"

காரைப் பக்கத்திலேயே நிறுத்திவிட்டுக் கூடாரம் போடுகிறவர்கள் என்றால் அவள் முகம் இளகிவிடும். "கார்ல வர்றவங்களுக்கு நான் அம்மா மாதிரி. என்ன வேணுமோ எடுத்துக்கங்க. இரும்பு வாணலி, ரெண்டு பர்னர் அடுப்பு, வீட்டுத் தலையணை, மாமியார், எது வேணும்னாலும் சரி. டிக்கி மூடுற வரைக்கும் நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

முதுகில் தூக்கிக்கொண்டு ஏறுகிறவர்கள் என்றால் வேறு. "உங்களுக்கு நான் சுங்க அதிகாரி. பையைக் கொட்டுங்க."

தரையில் ஒரு பழைய தார்ப்பாயை விரிப்பாள். பையில் இருக்கிற எல்லாவற்றையும் அதில் கொட்ட வேண்டும். மண்டியிட்டு உட்கார்ந்து மூன்று குவியலாகப் பிரிப்பாள். ஒன்று மலைக்கு. ஒன்று காருக்கு, அதாவது கீழே வண்டியிலேயே விட்டுவிட்டுப் போக. மூன்றாவது வெட்கத்துக்கு. ஹேர் டிரையர், கண்ணாடி ஜாடியில் ஊறுகாய், கடினஅட்டை நாவல் எல்லாம் அந்தக் குவியலுக்குப் போகும். "இத மலைக்குக் கொண்டுபோறதா நெனச்சதுக்கே நீங்க வெட்கப்படணும், கண்ணு," என்பாள். ஆட்கள் சிரித்துக்கொண்டே பாதிச் சுமையோடு போவார்கள். திரும்பி வரும்போது மேப்பிள் மிட்டாய் வாங்கி வந்து கொடுப்பார்கள்.

கடைகளில் படுக்கைப் பைக்கு ஓர் எண் போட்டிருப்பார்கள், எவ்வளவு குளிருக்குத் தாங்கும் என்று. அந்த எண் நிம்மதியாகத் தூங்குவதற்கு இல்லை, உயிரோடு விடிவதற்கு என்று இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். கிளாடெட்டுக்கும் தெரியும். அதனாலேயே அவள் எண்ணை நம்புவதில்லை. வாடகைக்கு வரும் ஒவ்வொரு பையையும் வீட்டுக்கு எடுத்துப் போய், பின்புறப் பலகைத் தளத்தில் பனிக்கு நடுவே விரித்து ஓர் இரவு படுத்துப் பார்த்துவிட்டுத்தான் கொக்கியில் மாட்டுவாள். அவள் கணவன் ரோசேர் கடைக்கு வந்தால் எல்லார் முன்னாலும் சொல்வான்: "இங்க தொங்குற ஒருத்தன் பாக்கி இல்ல, எல்லாரோடயும் என் பொண்டாட்டி படுத்திருக்கா." அவள் கையில் கிடைத்ததை எடுத்து அவன் மேல் எறிவாள். ஆனால் உள்ளுக்குள் பெருமைதான். இந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறு எந்தக் கடையிலும் அப்படிச் செய்ததில்லை.

அதில் யாரும் யோசிக்காத ஒன்று இருந்தது. கிளாடெட்டின் உடம்பு அடுப்பு மாதிரி. நவம்பரில் கையில்லாத சட்டை போட்டுக்கொண்டு குப்பை வாளியை வெளியே வைப்பாள். அந்த உடம்புதான் எங்கள் தராசு.

வாரன் லூமிஸ் மாசசூசெட்ஸ் பக்கத்திலிருந்து ஓர் அக்டோபரில் வந்தார். தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒல்லி, உயரம், ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர். மெதுவாகப் பேசுவார், ஒவ்வொரு சொல்லையும் சரியான பெட்டியில் போடுகிறவர் போல. அரைக் கதவு வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் பையிலிருந்து முதலில் வந்ததே ஒரு பெரிய கம்பளித் துணிப் படுக்கைப் பை. உள்பக்கம் முழுக்கப் பறக்கும் வாத்துப் படம். கிளாடெட் அதை இரண்டு கையாலும் தூக்கி முனகினாள்.

"இது என்ன வாரன், கல்யாண மெத்தையா?"

"கிட்டத்தட்ட அதேதான். இதுக்கு ஜோடி ஒண்ணு வீட்ல இருக்கு. ரெண்டையும் ஜிப் போட்டுச் சேத்தா ஒண்ணாயிடும். மரியனும் நானும் ஏரிக்கரையில காரோட தங்கறப்ப எல்லாம் இதுலதான்."

"மரியன் எங்க?"

"வரல." அவர் வாத்துகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"இதத் தூக்கிக்கிட்டு ஏறினீங்கன்னா நாளைக்கு உங்களை நாலு பேர் தூக்கிக்கிட்டு இறங்கணும். இது காருக்கு." குவியலில் போட்டாள். "உங்களுக்கு ஒரு நல்ல பையா தரேன். கைக்குள்ள அடங்கும்."

"எனக்குக் குளிர் தாங்காதுங்க."

"எல்லாரும் அதான் சொல்றாங்க. இதுல நானே பனியில படுத்துப் பாத்திருக்கேன். வேர்த்து ஊத்திடுச்சு. தூங்கறதுக்கு முன்னாடி ஒரு துண்டு சீஸ் சாப்பிடுங்க, அடுப்புல வெறகு போட்ட மாதிரி இருக்கும்."

"எனக்கு ஜூலைலயே குளிருமே."

"அப்ப ரெண்டு துண்டு."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். கதவுக்குப் பின்னால் நானும் சிரித்தேன். தடித்த கம்பளிச் சட்டை ஒன்றும், ஒரு பருத்திப் போர்வையும் கூட அந்தக் காருக்கான குவியலுக்குப் போயின. எல்லாம் நியாயமான வேலைதான். அவ்வளவு சுமையோடு அந்த வயதில் யாரையும் அந்த ஏற்றத்துக்கு அனுப்பக் கூடாது.

இரண்டு நாள் கழித்து அவரைக் கண்டுபிடித்தார்கள். மீட்புக் குழுவில் போன ஆள் கடைக்கு வந்து சொன்னார். மேலே, முகாமுக்கென்று அடித்து வைத்த மரத்தளத்தில் கூடாரம் ஒழுங்காகப் போட்டபடி இருந்தது. உள்ளே எங்கள் கடைப் பை, ஜிப் திறந்து கிடந்தது. அவரோ வெகு தூரம் கீழே, கார் நிறுத்துமிடத்துக்குக் கொஞ்சம் மேலே, ஓடையைத் தாண்டும் பாறையில் வழுக்கி விழுந்து இறந்து கிடந்தார். பூட்ஸ் போட்டிருந்தார். நெற்றி விளக்கு தலையில். இருட்டில் இறங்கியிருக்கிறார். கையில் கார் சாவி. விரல்களைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. காரின் பின் இருக்கையில் கிளாடெட் பிரித்துக் கொடுத்த குவியல், அவள் மடித்த மடிப்புக் கலையாமல்.

"வழுக்கலு, இலை, மேல லேசா ஐஸ். அவ்வளவுதான். யார் மேலயும் தப்பில்ல," என்றார் அவர். அறிக்கையிலும் அப்படித்தான் எழுதினார்கள்.

கிளாடெட் ஒன்றே ஒன்று கேட்டாள். "எதுக்கு இறங்கினாரு?"

"அது அவருக்குத்தான் தெரியும்."

பை எங்களிடம் திரும்பி வந்தது. நான்தான் துவைத்தேன். இறகு காய நாளாகும். உலர்த்தும் இயந்திரத்தில் டென்னிஸ் பந்துகளோடு போட்டுச் சுழற்ற வேண்டும். தொம் தொம் என்று அது அடித்துக்கொண்டிருந்த நேரம் முழுவதும் கிளாடெட் முன்னறையிலிருந்து உள்ளே வரவில்லை. காய்ந்ததும் கொக்கியில் மாட்டினேன். அவள் வந்து அதைக் கழற்றி, மூலையில் கடைசிக் கொக்கியில் மாட்டினாள். அதை யாருக்கும் கொடுக்கவில்லை. ஆல்டன் கேட்டபோது ஜிப் சரியில்லை என்றாள். ஜிப்பை நானே பார்த்திருந்தேன். ஒரு குறையும் இல்லை.

அதன் பிறகு அவளால் காருக்கான குவியல் போட முடியவில்லை. எதையாவது எடுத்து அந்தப் பக்கம் வைப்பாள். கொஞ்ச நேரம் பார்ப்பாள். திரும்ப எடுத்து மலைக்கான குவியலில் வைப்பாள். ஒல்லியான ஆட்கள் வந்தால் பேச்சு பாதியில் நின்றுவிடும். வந்தவர்கள் தோள் புண்ணாகித் திரும்பி வந்து முறையிட்டார்கள்.

"கிளாடெட், நீ அனுப்புற ஆளுங்க அடுத்த தடவை குதிரை வாடகைக்குக் கேக்கறாங்க," என்றார் ஆல்டன்.

"திரும்பி வந்து கேக்கறாங்கல்ல?"

வருடங்கள் போயின. ரோசேர் இறந்தான். அவன் போன துக்கத்தைக் கூட அவள் எல்லாரையும் போலத்தான் தாங்கினாள், அழுதாள், பிறகு எழுந்தாள். வாரன் விஷயம் அப்படி இல்லை. மதிய உணவுக்குப் பின்னறையில் என்னோடு உட்கார்ந்து பீன்ஸ் சாப்பிடும்போது திடீரென்று சொல்வாள்: "ஒண்ணுக்குப் போக எழுந்திருப்பாரோ. வழி தவறிட்டாரோ." இன்னொரு நாள்: "அப்படின்னா எதுக்குடி சாவி?" நான் தலையாட்டுவேன். அவளுக்குப் பின்னால் மூலையில் அந்தப் பை தொங்கும். மற்றவை எல்லாம் திரும்பி நின்ற பிறகும் அது மட்டும் மெல்லத் திரும்பிக்கொண்டிருப்பதாக எனக்குத் தோன்றும். மூலையில் காற்று சுழலும், அவ்வளவுதான் என்று சொல்லிக்கொள்வேன்.

ஓர் இலையுதிர் காலத்தில் அவள் அந்தப் பையை எடுத்துக்கொண்டு தனியாக அந்த மரத்தளத்துக்கே போய்ப் படுத்துவிட்டு வந்தாள். மறுநாள் காலை கண் சிவந்து கடைக்கு வந்தாள்.

"என்னாச்சு?"

"வேர்த்துச்சுடி," என்றாள், அவமானப்பட்டவள் போல.

அப்போது என்னைப் பார்த்தாள். வெயில் நாளிலும் நான் கழுத்துவரை பொத்தான் போட்டுத்தான் இருப்பேன். கால் எப்போதும் ஐஸ். எங்கள் ஷூ கம்பெனி நாட்களிலிருந்து அது அவளுக்குத் தெரியும். அன்றைக்கு அவள் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த அக்டோபரில்தான் கேட்டாள்.

"ஓடீல், எனக்காக ஒரு ராத்திரி படுப்பியா?"

நான் தைப்பதை நிறுத்தினேன்.

"நான் பக்கத்துலயே இருப்பேன். ஒண்ணும் ஆகாது. உனக்குக் குளிரலன்னா நான் நிம்மதியாத் தூங்குவேன். குளிருச்சுன்னா மரியன் வீட்டுக்குப் போயி, உன் புருஷன் போர்வையப் புடுங்கி கார்ல போட்டது நான்தான்னு சொல்லிடுவேன். ரெண்டுல ஒண்ணு. இப்படி நடுவுல தொங்க முடியலடி."

எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் முடியாது என்று சொல்லும் பழக்கமும் எனக்கு இல்லை.

அவர் போன அதே தேதி இல்லை, ஆனால் அதே மாதிரி குளிர் வரும் என்று வானொலியில் சொன்ன நாளாகப் பார்த்துப் போனோம். எல்லாவற்றையும் அவருக்குக் கொடுத்தது போலவே கொடுத்தாள். அதே பை, அதே மெல்லிய நுரை விரிப்பு. என் வீட்டிலிருந்து கொண்டுவந்த தடித்த பையை வேண்டுமென்றே காரின் பின் இருக்கையில் போட்டாள். "அவருக்கும் அங்கதான் இருந்துச்சு," என்றாள். சாவியை என் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானைப் பூட்டினாள். ஏறும்போது அந்த ஓடையின் பாறையில் இருவருமே காலை மெதுவாக வைத்தோம். மேலே போய் இரண்டு கூடாரம் போட்டோம். சீஸ் கொடுத்தாள். இரண்டு துண்டு. வாங்கித் தின்றேன்.

அந்த இரவைப் பற்றி அதிகம் சொல்ல எனக்குத் தெரியாது. உயிர் போகிற குளிர் இல்லை. முதலில் கால், பிறகு முழங்கால், பிறகு இடுப்பு என்று கீழிருந்து ஏறியது. தூக்கம் வரும், வந்ததும் கலையும். ஒரு கட்டத்துக்குப் பிறகு கார் எந்தத் திசையில் இருக்கிறது என்று என் உடம்புக்குத் தெரிந்தது, இருட்டில் அடுப்பு எங்கே இருக்கிறதென்று தெரிவது போல. அந்தத் தடித்த பை அங்கே எனக்காகக் காத்திருக்கிறது என்று நினைத்தேன். போவது அவ்வளவு ஒன்றும் கஷ்டமில்லை என்றும் நினைத்தேன். ஓடை நினைவுக்கே வரவில்லை.

விடிந்ததும் கிளாடெட் வந்து கூடாரத்தின் கதவைத் திறந்தாள். அவள் கேட்கவே இல்லை. என் கையைப் பார்த்தாள். கார் சாவி என் கைக்குள் இருந்தது. சட்டைப் பைப் பொத்தானை எப்போது கழற்றினேன், எப்போது எடுத்தேன் என்று எனக்குத் தெரியாது. ஒரு காலில் பூட்ஸும் போட்டிருந்தேன்.

"சரி," என்றாள். காபிக்கு அடுப்பைப் பற்றவைத்தாள். தீக்குச்சி மூன்று முறை அணைந்தது.

அப்படியே மலையிலிருந்து இறங்கி நேராக மாசசூசெட்ஸுக்கு ஓட்டினாள். வழியில் எங்கும் நிறுத்தவில்லை. சொல்ல வேண்டியதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

மரியன் லூமிஸ் சின்ன வெள்ளை வீட்டில் இருந்தார். முழங்காலில் பட்டை கட்டி, கைத்தடி ஊன்றி வந்து கதவைத் திறந்தார். கடையின் பெயரைச் சொன்னதும் எங்களை உள்ளே உட்கார வைத்து, ஆப்பிள் வைத்துச் சுட்ட இனிப்பு அப்பத்தை வெட்டி, எங்கள் பக்கத்து வழக்கப்படி அதன் மேல் ஒரு துண்டு சீஸ் வைத்துக் கொடுத்தார். கிளாடெட் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தொடவில்லை.

"மிஸஸ் லூமிஸ், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு வந்தேன். அவரு எதுக்கு இருட்டுல இறங்கினாருன்னு..."

"அது எனக்குத் தெரியும்," என்றார் மரியன்.

கிளாடெட் நிறுத்தினாள்.

"அன்னிக்குக் காலையில எங்களுக்குள்ள சண்ட. இந்த முட்டி வலியோட என்னை விட்டுட்டுப் போறீங்களான்னு கேட்டேன். நீ வரலன்னா நான் போகவே கூடாதான்னு கேட்டாரு. போங்க, போயிட்டு வராமலே இருங்கன்னுட்டேன்." மரியன் கைத்தடியின் தலையைத் தடவினார். "ஆனா அவருக்கு ஒரு ராத்திரிக்கு மேல கோவத்தை வச்சுக்கத் தெரியாது. அத்தன வருஷத்துல ஒரு தடவ கூட விடியற வரைக்கும் வச்சிருந்தது இல்ல. வீட்டுக்கு வந்துக்கிட்டு இருந்தாரு. கையில சாவி இருந்துச்சாமே. அத மீட்புக் குழுக்காரங்க சொன்னப்பதான் எனக்கு மூச்சே வந்துச்சு. இல்லன்னா நான் அந்தச் சொல்லோட எப்படி இருந்திருப்பேன்?"

கிளாடெட்டின் வாய் திறந்தே இருந்தது.

"நீங்க என்ன சொல்ல வந்தீங்க?" என்றார் மரியன். "கடையில உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?"

கிளாடெட் என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்தேன்.

"ஆமா," என்றாள் கடைசியில். "வீட்டுக்கு சீக்கிரம் போயிடுவேன்னு சொன்னாரு."

மரியன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு எழுந்து வந்து கிளாடெட்டின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். கிளாடெட் இரண்டு கையையும் மடியிலேயே வைத்துக்கொண்டு, கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

திரும்பும் வழியில், "நீயா இருந்தா சொல்லியிருப்பியா?" என்று கேட்டாள்.

சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். நவம்பரில் வரும் நன்றி சொல்லும் பண்டிகைக்கு முந்தைய வாரம் கடைக்குப் போன் வந்தது. மரியன். "வாழ்த்துச் சொல்லலாம்னு கூப்பிட்டேன்," என்று ஆரம்பித்து, "அன்னிக்கு அவர் சொன்னத இன்னொரு தடவ சொல்லுங்களேன்," என்றார். கிளாடெட் சொன்னாள். பனி விழத் தொடங்கியபோது மறுபடி கூப்பிட்டார். பிறகு அது வழக்கமாகிவிட்டது. கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துக் கூப்பிடுவார். கிளாடெட் போனின் நீளமான வயரை இழுத்துக்கொண்டு அரைக் கதவைத் தாண்டிப் பின்னறைக்கு வந்துவிடுவாள். தொங்கும் பைகளுக்கு நடுவே நின்றுகொண்டு பேசுவாள்.

முதலில் உண்மையாக நடந்தவற்றைத்தான் சொன்னாள். ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டிருந்தார். சிரித்தார். ஏரிக்கரையைப் பற்றிச் சொன்னார். நடந்தவை சீக்கிரம் தீர்ந்துவிட்டன. அவர் கடையில் இருந்ததே கொஞ்ச நேரம்தான். மரியனுக்கோ அது போதவில்லை. வேறென்ன சொன்னார், வேறென்ன சொன்னார் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கிளாடெட் கொடுக்க ஆரம்பித்தாள். மேப்பிள் மிட்டாய் எங்கே நன்றாக இருக்கும், மரியனுக்கு வாங்க வேண்டும் என்று கேட்டாராம். இந்த முட்டியோடு அவளை இனிமேல் கார் போகும் இடத்துக்கு மட்டும்தான் கூட்டிப் போவேன் என்றாராம். தையலை நிறுத்திவிட்டு நான் கேட்டுக்கொண்டிருப்பேன். இப்படிச் சொல்லும்போது அவள் மெதுவாகப் பேசினாள், ஒவ்வொரு சொல்லையும் சரியான பெட்டியில் போடுகிறவள் போல. வழக்கமாக அவள் அப்படிப் பேசுகிறவள் இல்லை.

போன மாதம் மரியன் அழுதுகொண்டே கூப்பிட்டிருக்க வேண்டும். கிளாடெட் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு வாரனின் பை தொங்கும் மூலைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இல்ல மரியன், உங்க மேல கோவமே இல்ல. அப்படிச் சொல்லல," என்றாள். "கேளுங்க. பையை எல்லாம் கட்டி முடிச்சிட்டு வாசல்கிட்ட நின்னாரு. திரும்பி வந்து என்கிட்ட சொன்னாரு. 'தப்பு என்னோடதுதான். நான்தான் தெரியாம பண்ணிட்டேன். போயி அவகிட்ட நேர்ல சொல்லிடணும்'னாரு. 'எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல'ன்னாரு."

அந்தப் பக்கம் மரியன் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை.

"ஆமா," என்றாள் கிளாடெட். "அப்படியேதான் சொன்னாரு. மன்னிச்சிருவாளான்னு கேட்டாரு."

பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். போன் வயரை விரலில் சுற்றிச் சுற்றி, விரல் வெளுத்துப்போயிருந்தது.

"சரி. நீங்க மன்னிச்சிட்டீங்கன்னு அவர்கிட்ட சொல்லிடறேன்," என்று தன்னை மறந்து சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

முன்னறையில் யாரோ மணியைத் தட்டினார்கள். முதுகில் சுமையோடு ஓர் இளம் தம்பதி வந்து நின்றார்கள். கிளாடெட் போகவில்லை. மூலையைப் பார்த்தபடி நின்றாள். அவள் உதடு இன்னும் அசைந்துகொண்டிருந்தது.